பொய்யா, மெய்யா? விண்வெளி ஃபார்வர்டுகளை அபார்ட்மென்ட் ஹாலில் சோதித்துப் பார்ப்பது எப்படி

பெங்களூரில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தால் அதில் ஒருவராவது இஸ்ரோவிலோ விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல்.லிலோ வேலை பார்ப்பவராக இருப்பார். அதே பத்துக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் ‘நிலவில் இறங்க ஆல்ட்ரின் ஒரு நொடி தயங்கினார், ஆம்ஸ்ட்ராங் முந்திக்கொண்டார்’ என்ற பதிவும் சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளைகளை உட்கார வைத்து இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்க அசோசியேஷன் ஹாலும் ஒன்றரை மணி நேரமும் போதும்.

வயது பத்துக்கு மேல் இருக்கட்டும். இருபது பேருக்கு மேல் வேண்டாம். எட்டு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வாக்கியம். இங்கே வளரும் பிள்ளைகள் பலர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். ஆகவே எழுத்து பெரிதாக இருக்கட்டும், நீங்களும் ஒருமுறை உரக்கப் படியுங்கள். ஆளுக்கு ஒரு பச்சைத் தாள், ஒரு சிவப்புத் தாள்: மெய் என்றால் பச்சை, பொய் என்றால் சிவப்பு. தாளைத் தூக்கியவர் எப்போது நடந்தது, எவ்வளவு, யார் காசு என்ற மூன்றில் ஒன்றையாவது கேட்டாக வேண்டும். இது மட்டுமே விதி.

பலர் சறுக்குவது அட்டைத் தேர்வில். எட்டும் பொய்யாக இருந்தால் மூன்றாவது அட்டையிலேயே பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். பிறகு எதற்கும் சிவப்புதான். மூன்றாவது அட்டை மெய்யாக இருக்க வேண்டும், அதுவும் நம்ப முடியாத மெய்யாக இருந்தால் நல்லது. சோவியத் கதைகளில் அதற்குப் பஞ்சமே இல்லை.

ஆல்ட்ரின் அட்டை

இதையே முதலில் எடுங்கள், எல்லாருக்கும் தெரிந்தது. ஆல்ட்ரின்தான் ‘பைலட்’, ஆம்ஸ்ட்ராங் ‘கோ-பைலட்’, முதலில் இறங்க வேண்டியவர் புதைமணலுக்குப் பயந்து சில நொடி தயங்கியதால் வரலாறு மாறியது என்று போகும் அந்தக் கதை. ‘எப்போது?’ என்று கேட்டாலே ஆட்டம் காண்கிறது. இருவரும் போன ஈகிள் கலம் நிலவில் இறங்கியது இந்திய நேரப்படி 1969 ஜூலை 21 அதிகாலை 1:47. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது காலை 8:26. நடுவில் ஆறரை மணி நேரத்துக்கும் மேல். கருவிகளைச் சரிபார்த்து, உடையையும் முதுகுப்பெட்டியையும் மாட்டி, அறையின் காற்றை வெளியேற்றி, அப்புறம்தான் கதவையே திறந்தார்கள். நொடித் தயக்கத்துக்கு அங்கே இடம் ஏது?

பதவியும் தப்பு. ஆம்ஸ்ட்ராங் பயணத்தின் கமாண்டர். ஆல்ட்ரினின் பதவிப் பெயரில் ‘பைலட்’ என்ற சொல் இருந்தாலும் கலத்தை ஓட்டி இறக்கியது ஆம்ஸ்ட்ராங். அவர்தான் முதலில் இறங்குவார் என்பதை நாசா 1969 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது.

ஆம்ஸ்ட்ராங் முதலில் இறங்கக் கதவின் அமைப்பும் ஒரு காரணம். இதை வாயால் சொல்லாமல் செய்து காட்டுங்கள். தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கும் அளவுக்கு மட்டும் ஒரு பெட்டி வரையுங்கள். முன்சுவரின் நடுவில் 81 செ.மீ. வாசல். அதே அகல அட்டைப் பலகையை வாசலின் வலது ஓரத்தில் கீல் வைத்ததுபோல் ஒருவர் பிடிக்கட்டும். கதவு உள்பக்கமாகத் திறக்கும். இரண்டு பேர் முதுகில் ஸ்கூல் பேக்கை, அதுவும் புத்தகம் நிறைந்ததை, மாட்டிக்கொண்டு நிற்கட்டும்: இடப்பக்கம் ஆம்ஸ்ட்ராங், வலப்பக்கம் ஆல்ட்ரின். கதவைத் திறந்ததும் அது ஆல்ட்ரினைச் சுவரோடு ஒதுக்கிவிடும். இடப்பக்கத்துப் பிள்ளை மண்டியிட்டு, கால் முன்னே போகப் பின்னோக்கி ஊர்ந்து வெளியேறினால்தான் மற்றவர் நகர முடியும். பேக் இல்லாமல் செய்தால் இருவரும் எளிதாக இடம் மாறிக்கொள்வார்கள், விளக்கம் பாழ். ஆல்ட்ரின் வெளியே வந்தது ஏறக்குறைய 19 நிமிடம் கழித்து.

‘விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை’

பள்ளிப் பிள்ளைகள் பச்சையைத் தூக்கும் பொய் இது. விண்வெளிக்குப் போன முதல் மனிதர், சோவியத் வீரர் ககாரின், 1961 ஏப்ரல் 12 அன்று தொட்ட அதிகபட்ச உயரம் 327 கி.மீ.; பெங்களூரிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த உயரத்திலும் தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு உண்டு. கலமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே, சுட்ட ஆணியால் 4 மி.மீ. துளை போடுங்கள். ஆணியைச் சுடுவது பெரியவர் வேலை. தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்தால் வீடியோவில் தெளிவாகத் தெரியும். துளையை விரலால் மூடி, தண்ணீர் ஊற்றி, நாற்காலியில் ஏறி இரண்டு மீட்டர் உயரத்தில் பிடியுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும். பாட்டிலை விட்டதும் பீய்ச்சல் நின்றுவிடும், கீழே பக்கெட்டில் விழும்வரை. மொத்தம் 0.64 நொடி, கண்ணுக்குச் சிக்காது, ஆகவே ஃபோனில் ஸ்லோ மோஷன் கட்டாயம்.

மூடியைத் திருகி வைத்திருந்தால் விரலை எடுத்தாலும் தண்ணீர் சரியாக வராது. வெளிக்காற்றின் அழுத்தம் பிடித்துக்கொள்ளும், ‘முதலிலேயே வரவில்லையே’ என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். துளை ரொம்பச் சிறிதாக இருந்தால் பீய்ச்சல் மெல்லியதாகி வீடியோவில் சரியாகத் தெரியாது. கை விடும்போது பாட்டிலைச் சுழற்றிவிட்டால் காற்றில் தண்ணீர் சிதறும். டைல்ஸ் தரை வழுக்கும், பக்கெட்டைச் சுற்றிப் பழைய துண்டு விரியுங்கள்.

மெய்யான மர்மங்கள்

‘ககாரின் தன் விண்கலத்தோடு தரையிறங்கவில்லை.’ பாதி ஹால் சிவப்பு காட்டும். ஆனால் இது மெய். வஸ்தோக் கலம் தரையில் மோதும் வேகம் மனிதருக்குத் தாங்காது என்பதால், சுமார் 7 கி.மீ. உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தனிப் பாராசூட்டில் சரத்தோவ் வட்டாரத்து வயலில் இறங்கினார். உலக விமானச் சாதனைகளைப் பதியும் அமைப்பின் விதிப்படி, விமானி கலத்துக்குள்ளேயே இறங்கினால்தான் சாதனை கணக்கில் வரும். அதனால் சோவியத் அரசு இதைப் பல ஆண்டுகள் மறைத்தது.

இதற்கு அடுத்து, ‘ககாரினுக்கு முன்பே சிலரை அனுப்பி, இறந்ததும் மறைத்துவிட்டார்கள்’ என்ற அட்டையை வையுங்கள். இத்தாலியின் டூரின் நகருக்கு அருகில் இரண்டு சகோதரர்கள், சாகும் விண்வெளி வீரர்களின் குரலை வானொலியில் பிடித்ததாகச் சொன்னார்கள். சோவியத் ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகும் அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே பொய். ஆனால் இங்கே நிறுத்தினால் விளக்கம் அரைகுறை. வாலண்டின் பொந்தரென்கோ என்ற 24 வயதுப் பயிற்சி வீரர், ககாரின் பறப்பதற்கு 20 நாள் முன், 1961 மார்ச் 23 அன்று உயிரிழந்தார். விண்வெளியில் அல்ல, தரையில், ஆக்சிஜன் மிகுந்த தனியறைப் பயிற்சியின்போது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சு சூடான அடுப்புத் தட்டில் விழுந்து தீப்பற்றியது. இந்த மரணம் 1986இல்தான் வெளியே தெரிந்தது. மறைத்தது உண்மை, மறைத்த இடம் வேறு. வதந்திகள் பெரும்பாலும் இப்படி ஒரு மெய்யின் மேல்தான் குந்தியிருக்கும்.

லைக்கா அட்டையைச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தவிர்த்துவிடலாம். லைக்கா சோவியத் விண்வெளிக்கு அனுப்பிய நாய். அது பல நாள் உயிரோடு இருந்ததாகச் சொன்னார்கள். 1957 நவம்பர் 3 அன்று ஏவிய சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்தது 2002இல்தான் வெளிவந்தது. திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடே அந்தக் கலத்தில் இல்லை.

பெரியவர்களுக்கான அட்டை: பேனா

‘அமெரிக்கா கோடி கோடியாகச் செலவழித்துப் பேனா கண்டுபிடித்தது, ரஷ்யா பென்சிலால் எழுதியது.’ மேனேஜ்மென்ட் வகுப்புகளில்கூட ஓடும் சரக்கு. ‘யார் காசு?’ என்று கேளுங்கள். பேனாவை உருவாக்கியவர் பால் ஃபிஷர், தன் கம்பெனிப் பணத்தில். 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், நாசா சோதித்துப் பார்த்துவிட்டு 400 வாங்கியது. பின்னர் சோவியத்தும் அதே பேனாவை வாங்கியது. பென்சிலுக்கு அதிகம் கொடுத்ததே நாசாதான்: 1965இல் 34 மெக்கானிக்கல் பென்சில்கள், ஒன்று சுமார் 129 டாலர்! அதற்குக் கண்டனமும் வந்தது. பென்சில் ஏன் ஆபத்து என்றால், உடைந்த முனை மிதந்து கண்ணுக்குள்ளோ சுவிட்சுக்குள்ளோ போகும், கிராஃபைட் மின்சாரம் கடத்தும், மரம் எரியும். 1967 ஜனவரி 27 அன்று தூய ஆக்சிஜன் நிறைந்த அப்போலோ 1 விண்கல அறையில் தீ பிடித்து மூன்று வீரர்கள் இறந்ததை இந்த இடத்தில் சொன்னால் பெரியவர்களுக்கு உறைக்கும்.

திருநள்ளாறு

எந்தத் தமிழ்க் கூட்டத்திலும் யாராவது இதைக் கேட்பார்கள்: திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள்கள் மூன்று நொடி ஸ்தம்பிக்கின்றனவாமே? கோயிலைப் பற்றி ஒரு சொல் பேச வேண்டாம், நம்பிக்கையை இழுத்தால் அரங்கம் சண்டையாகிவிடும். கணக்கை மட்டும் போடுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் போகிறது, அந்த ஊருக்கு மேலேயும் கடக்கும், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். சட்டென்று நின்றால் அவர்கள் முன்சுவரில் மோதுவார்கள். மூன்று நொடி கழித்துப் பழைய வேகத்தை யார் கொடுப்பது? அதற்கு இன்னொரு ராக்கெட் வேண்டும்.

‘காற்றில்லாத நிலவில் கொடி எப்படி அசைந்தது?’, ‘சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து தெரியும்’ என்ற இரண்டும் நேரம் மிஞ்சினால் மட்டும். கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி இருந்தது. கம்பத்தை முறுக்கி நட்டபோது ஆடியது, தடுக்கக் காற்று இல்லாததால் ஆட்டம் சற்று நீடித்தது. பெருஞ்சுவரைத் தான் பார்க்கவில்லை என்று 2003இல் சென்ற சீன வீரர் யாங் லிவெய்யே சொல்லிவிட்டார்.

கடைசி அட்டை: ராகேஷ் சர்மா

‘ராகேஷ் சர்மா நிலவுக்குப் போன முதல் இந்தியர்.’ பெரியவர்களே பச்சையைத் தூக்குவார்கள். 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டை ஒன்றை ஹாலின் ஒரு முனையில் வையுங்கள். ஒன்பது மீட்டர் தள்ளி ஒரு சாத்துக்குடி: அதுதான் நிலா, அளவும் தூரமும் ஏறத்தாழச் சரி. சர்மா போன இடத்தில் ஒரு ஸ்டிக்கரைப் பிடிக்கச் சொன்னால் நடு ஹாலுக்கு நடந்துபோவார்கள். அவர் 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11இல் ஏறிப் போனது சோவியத்தின் சல்யூத் 7 விண்வெளி நிலையத்துக்கு, 400 கி.மீ. உயரத்துக்குள். ஸ்டிக்கர் உருண்டையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அவரைத் தேர்ந்தெடுத்த மருத்துவச் சோதனைகள் நடந்தது இதே பெங்களூரில், விமானப்படையின் விமான மருத்துவ நிறுவனத்தில்.

உடனே ஒருவர் ‘அப்போ கல்பனா சாவ்லா?’ என்பார். கர்னாலில் பிறந்தவர், 1997இல் முதலில் பறந்தபோது அமெரிக்கக் குடிமகள். சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் பறந்தார். விண்வெளிக்குப் போன இரண்டாவது இந்தியக் குடிமகன், சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர். ‘முதல்’ என்ற சொல் எந்த அட்டையில் வந்தாலும் எதில் முதல் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் மீதி அரை மணி இதிலேயே போய்விடும்.