பழைய இங்கிலீஷ் நாவல்ல 'வாண்ட்' வந்தா எப்படிப் படிக்கணும்

கிளாசிக்ஸ் படிக்கும்போது பெரிய பெரிய வார்த்தைக்குத்தான் எல்லாரும் டிக்‌ஷனரி தேடுவாங்க, ஆனா காலை வாரி விடறது என்னவோ 'வாண்ட்' மாதிரி பொடி வெர்ப்தான், தெரிஞ்சதுதானேன்னு தாண்டிப் போயிடுவோம். நார்ஸ்ங்கற பழைய ஸ்காண்டிநேவிய பாஷைல இருந்து இங்கிலீஷுக்கு வந்தப்போ அதுக்கு 'இல்லாம இருக்கறது, குறையறது'ன்னுதான் அர்த்தம், ஆசைப்படறதெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

அதனால முதல்ல, 'வேணும்'னு படிக்கற இடத்துல 'குறையுது'ன்னு போட்டுப் பாருங்க. 1611 கிங் ஜேம்ஸ் பைபிள்ல 23ஆம் சங்கீதம் 'ஐ ஷால் நாட் வாண்ட்'னு சொல்லும், இத 'எனக்கு எதுவும் வேண்டாம்'னு படிச்சா ஏதோ சாமியார் பேசற மாதிரி ஆயிடும், தமிழ் பைபிள் 'நான் தாழ்ச்சியடையேன்'னு கரெக்டா புடிச்சிருக்கு.

அடுத்து, பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாருங்க. பின்னாடி 'டு' போட்டு இன்னொரு வெர்ப் வந்தா பெரும்பாலும் இன்னைக்கு நாம பேசற அர்த்தம்தான். 'ஃபார் வாண்ட் ஆஃப்'னா இல்லாததால. பின்னாடி 'இங்'ல முடியற வார்த்தை வந்தா தேவை, 1865ல வந்த ஆலிஸ் கதைல தொப்பிக்காரன் ஹேட்டர் 'யுவர் ஹேர் வாண்ட்ஸ் கட்டிங்'ம்பான், முடி வெட்டணும்ங்கறான் அவ்ளோதான், முடிக்கு ஏது ஆசை!

வருஷத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. 1813ல வந்த பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் முதல் வரில பணக்கார பிரம்மச்சாரி 'இன் வாண்ட் ஆஃப் எ வைஃப்', ஆனா அதே சாப்டர்ல கொஞ்சம் தள்ளி மிஸ்டர் பென்னட் பொண்டாட்டிகிட்ட 'யூ வாண்ட் டு டெல் மீ'ம்பார், இது சுத்தமா இன்னைக்கு வாண்ட். முதல் வரிய 'அவனுக்குப் பொண்டாட்டி வேணுமாம்'னு படிச்சாலும் கதை ஓடும், கிண்டல்தான் போயிடும், ஏன்னா அவனுக்கு ஆசை இருக்கா இல்லையான்னு யாரும் கேக்கவே இல்ல, அவன்கிட்ட ஒரு பொண்டாட்டி குறையுதுன்னு பொண்ணு வெச்சிருக்கற அக்கம்பக்கத்துக்காரங்களே தீர்மானம் பண்ணிட்டாங்க, ஜேன் ஆஸ்டன் குத்தறது அங்கதான்.

கேப்பிடல் லெட்டர்ல தனியா நின்னா இன்னும் உஷார். 1843ல டிக்கன்ஸ் எழுதின கிறிஸ்மஸ் கேரல்ல கஞ்சன் ஸ்க்ரூஜுக்கு ரெண்டு பரிதாபமான பிள்ளைங்கள ஆவி காட்டும், பையன் பேரு இக்னரன்ஸ், பொண்ணு பேரு வாண்ட். அங்க அதுக்கு அர்த்தம் வறுமைதான். பேராசைன்னு எடுத்துக்கிட்டா அந்த சீனே தலைகீழாயிடும்.