வகுப்பில் நிமிர்ந்த அட்டை வீட்டில் வளைவது ஏன்? புத்தகக் கட்டுப் பயிலரங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைண்டிங் பயிலரங்கு முடிந்து வெளியே வரும்போது எல்லார் கையிலும் இருப்பது அழகான புத்தகம்தான். தவறு நடந்திருந்தாலும் அப்போது தெரியாது. இரண்டு நாள் கழித்து அட்டை கமுகு மட்டை மாதிரி வளையும், அட்டையின் உட்புறம் ஒட்டும் உள்தாளில் சுருக்கம் விழும், காயாத ஓரத்தில் பூசணம் எட்டிப் பார்க்கும். தையல் பிசகினால் வகுப்பிலேயே பிரித்துத் தைத்துவிடலாம். ஈரத்தால் வந்த பிழை அப்படியல்ல. தொடக்கநிலை வகுப்புகளில் தையலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட யாரும் பசைக்கும் உலரும் நேரத்துக்கும் கொடுப்பதில்லை.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லை கூடுதல். மழையில்லாத நாளில்கூட விடியலுக்குச் சற்று முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். நடுவில் குளிர்சாதன வகுப்பறை, அதன்பின் சன்னல் திறந்த வீவக அடுக்குமாடி வீடு. காகிதம் ஒரே நாளில் பல முறை விரிந்து சுருங்குகிறது. ஐரோப்பிய, அமெரிக்கக் காணொளிகளில் சொல்லும் உலரும் நேரத்தை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான்.

பதிவு செய்யும் முன்

மூன்று மணி நேர வகுப்பில் கெட்டி அட்டை போட்ட புத்தகம் செய்து எடுத்துப் போகலாம் என்று விளம்பரம் சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: “புத்தகம் எங்கே, எத்தனை மணி நேரம் அழுத்தத்தில் இருக்கும்?” பதில் மழுப்பலாக இருந்தால் ஈரப் புத்தகத்தைத்தான் பையில் போட்டு எம்ஆர்டி ரயில் ஏறப்போகிறீர்கள். கெட்டி அட்டைக் கட்டுக்கு இரண்டு அமர்வு வேண்டும். முதல் நாள் தைத்து முதுகில் பசையிட வேண்டும், அடுத்த அமர்வில் அட்டை. ஒரே அமர்வுதான் கிடைக்கும் என்றால் பசை அதிகம் தேவைப்படாத கட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை மடிப்புக் கையேடு, ஜப்பானிய நான்கு துளைக் கட்டு, எகிப்தின் கோப்டிக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த சங்கிலித் தையல் ஆகிய மூன்றும் அந்த நேரத்துக்குள் அடங்கும். கோப்டிக் கட்டு மேசையில் தட்டையாக விரியும். நான்கு துளைக் கட்டு விரியாது. அதில் நாட்குறிப்பு எழுதப் போகிறவர் முதுகுப் பக்கம் குறைந்தது 2.5 செமீ வெற்றிடம் விட வேண்டும். இல்லையென்றால் எழுத்து தையலுக்குள் போய்விடும்.

பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தலாம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளுக்கு மட்டுமே அது செல்லும். பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழையைப் பார்க்காமல் மடிப்பது

எந்திரத்தில் செய்த எந்தக் காகிதத்திலும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசைதான் இழை. நார் ஈரம் பட்டால் நீளவாக்கில் அதிகம் வளராது, குறுக்கே பருக்கும். ஆகவே காகிதம் இழைக்குக் குறுக்குத் திசையில்தான் விரிகிறது. இழை முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் வெளி ஓரத்தை நோக்கி விரியும், யாருக்கும் தெரியாது. இழை முதுகுக்குக் குறுக்கே இருந்தால், தைத்தும் ஒட்டியும் இறுக்கிய முதுகை ஒட்டியே விரிய முயலும். அங்கே இடமில்லை. அதனால்தான் முதுகருகே அலை அலையாகச் சுருக்கம்.

கடையில் வாங்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5 புத்தகத்துக்காக நடுவில் மடித்தால் இழை முதுகுக்குக் குறுக்காகிவிடும். நோட்டுப் புத்தக வகுப்புகளில் அன்றாடம் நடக்கும் தவறு இதுதான். தீர்வு எளிது: நீளவாக்கு இழையுள்ள ஏ3 தாளை வாங்கி, நடுவே இரண்டாக வெட்டுங்கள். கிடைக்கும் ஏ4 தாளில் இழை குறுகிய பக்கத்துக்கு இணையாக இருக்கும். இப்போது மடித்தால் சரி.

சோதிக்கத் தாளை மடிக்காமல், இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எதிர்ப்பின்றி வளைகிறதோ, அந்த வளைவின் கோட்டுக்கு இணையாகத்தான் இழை. பக்கத்தாள், அட்டை, உள்தாள், அட்டைமேல் ஒட்டும் மேலுறை எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். நான்கும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மூன்று சரியாக இருந்து அட்டை மட்டும் மாறினால் புத்தகம் முறுக்கிக்கொள்ளும். புதுச்சேரி ஆசிரமத்துக் காகிதம் போன்ற கையால் செய்த தாள்களில் இழைத் திசை அவ்வளவாக இருக்காது. அதனால் புதியவர்களுக்கு அவை நல்ல தோழன், விலை சற்றுக் கூடினாலும்.

அளவில் நடக்கும் பிசகு

எட்டுப் பாரம் (ஒன்றாக மடித்துத் தைக்கும் தாள் தொகுதி), பாரத்துக்கு நான்கு ஏ4 தாள், எல்லாம் சதுர மீட்டருக்கு 80 கிராம் தாள் என்று வைத்துக்கொள்வோம். 128 பக்கம் வரும். தைத்து அழுத்திய பின் முதுகு சுமார் 8 மிமீ. அழுத்துவதற்கு முன் அளந்தால் 11, 12 என்று காட்டும். அந்த அளவில் முதுகுப் பட்டை வெட்டினால் புத்தகம் உறைக்குள் ஆடும். ஆகவே எடை வைத்து அழுத்திவிட்டு அளக்க வேண்டும்.

2 மிமீ அட்டைக்கு ஏ5 புத்தகக் கணக்கு: அட்டை உயரம் 216 மிமீ, அதாவது மேலும் கீழும் 3 மிமீ துருத்தல். அகலம் 145. முதுகுப் பட்டையின் அகலம் பக்கக் கட்டின் தடிமன் 8, அத்துடன் இரண்டு அட்டைகளின் தடிமன் 4, மொத்தம் 12. இந்த நான்கைச் சேர்க்க மறப்பவர்கள்தான் அதிகம். பட்டைக்கும் அட்டைக்கும் நடுவே 7 மிமீ இடைவெளி. 4 மிமீ விட்டால் அட்டை திறக்காது, உள்தாள் கிழியும். 10 விட்டால் தொங்கும். சுற்றி மடிக்கத் துணியில் 15 மிமீ போதும்.

மூலையை 45 பாகையில் வெட்டும்போது அட்டை நுனியிலிருந்து அட்டைத் தடிமனில் ஒன்றரை மடங்கு, இங்கே 3 மிமீ, விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் சாம்பல் அட்டை பல்லிளிக்கும். எட்டி வெட்டினால் மூலையில் கட்டி.

இன்னொன்று: அளவுகோலை ஒவ்வொரு முறையும் எடுத்து எண் படிக்காதீர்கள். ஒரு காகிதத் துண்டில் குறித்து, அந்தக் குறியையே அட்டைக்கு மாற்றுங்கள். அரை மிமீ பிழை நான்கு இடத்தில் சேர்ந்தால் 2 மிமீ.

தையல்

நூலை முதுகுக்கு நேர் எதிரே, உங்களை நோக்கி இழுத்தால் மடிப்புக் கிழியும். முதுகோடு சேர்த்து, தைத்துப் போகும் திசையிலேயே இழுங்கள். துளையை ஊசியால் போடாதீர்கள், குத்தூசியால் போடுங்கள். அதுவும் ஊசி நுழையும் அளவுதான். துளை பெரிதானால் முதுகில் பூசும் பிவிஏ என்ற பசை உள்ளே கசிந்து நடுப் பக்கங்களை ஒட்டிவிடும். நூலின் நீளம் பார உயரம் பெருக்கல் பார எண்ணிக்கை, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு உயரம்: நம் கணக்குக்குச் சுமார் 2 மீட்டர். லினன் நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் போதும். மெழுகு திட்டுத் திட்டாக நிற்குமளவு இழுத்தால் துளையில் அடைத்துக்கொள்ளும். தடித்த நூல் உறுதி என்று நினைப்பதும் தவறு. மெல்லிய பாரங்களில் தடித்த நூல் முதுகை மட்டும் வீங்க வைக்கும்.

பசை: அதிகமும் அவசரமும்

புத்தகக் கட்டுக்கான பிவிஏ காய்ந்த பின்னும் வளையும். பள்ளிக்கூடத்து வெள்ளைக் கோந்தில் நீர் அதிகம், காய்ந்தால் விறைத்துவிடும். குச்சிக் கோந்து இந்த ஈரத்தில் சில மாதங்களில் விட்டுவிடும். சூட்டுப் பசைத் துப்பாக்கிக்குப் புத்தகத்தில் வேலையே இல்லை.

பிவிஏ பூசினால் சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளும். இடம் மாற்ற முடியாது. பெரிய தாளை நிதானமாகப் பொருத்த வேண்டிய இடத்தில் மைதாப் பசையைச் சரிபாதி கலந்தால் அவகாசம் கிடைக்கும். மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல் ஆகும்வரை கிளறி, வடிகட்டுங்கள். இங்கே வெளியில் வைத்தால் மறுநாளே புளிக்கும். குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும். தமிழ்நாட்டுப் பழைய பைண்டர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் போடுவதுண்டு. அது நஞ்சு. குழந்தைகள் உட்காரும் வகுப்பு மேசைக்கு அது வேண்டாம், தேவைக்குக் கொஞ்சமாகப் புதிதாய்க் காய்ச்சினால் போதும்.

பூசும் முறையில் மூன்று இடத்தில் கோட்டை விடுகிறார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையை ஓட்ட வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் பசை தாளின் அடியில் புகும். அடியில் போடும் கழிவுத்தாளை ஒவ்வொரு பூச்சுக்கும் மாற்ற வேண்டும். மைதாப் பசை பூசிய தாளை ஓரிரு நிமிடம் விரிய விட்ட பிறகே ஒட்ட வேண்டும். உடனே ஒட்டினால் அட்டையின் மேல் விரிந்து குமிழி போடும்.

உள்தாள் ஒட்டியதும் பக்கங்களுக்கு ஈரம் போகாமலிருக்க மெழுகுத்தாளும், ஈரத்தை இழுக்க உறிஞ்சுதாளும் வைத்து மூடுங்கள். மூடிய பின் “ஒட்டிடுச்சா பார்ப்போம்” என்று திறக்கக்கூடாது. அந்த ஒரு திறப்பில்தான் அட்டை மடங்கித் திறக்கும் கீல் இடத்தில் உள்தாள் சுருங்கி நிரந்தரக் கோடாகிவிடுகிறது.

துணியும் அலங்காரத் தாளும்

பழைய பட்டுச்சேலை, சுங்குடித் துணி கொண்டு அட்டை போட வேண்டும் என்ற ஆசை நம் வகுப்புகளில் தவறாமல் வரும். நல்ல ஆசைதான். ஆனால் வெறும் துணியில் பசை பூசினால் மறுபக்கம் கசிந்து, காய்ந்தபின் மினுமினுப்பான கறையாக நிற்கும். துணியின் பின்புறம் முதலில் மெல்லிய டிஷ்யூத் தாள் ஒட்டிக் காயவைக்க வேண்டும், அல்லது இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் இணைப்புத்தாளைப் பயன்படுத்த வேண்டும். சுங்குடியில் ஒரு மூலையை ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் போகிறதா என்று. ஜரிகை ஓரத்தை அட்டையின் மடிப்பில் கொண்டுவராதீர்கள். விறைப்பாக எழும்பி நிற்கும்.

தீபாவளிப் பரிசு சுற்றும் தாள் மெலிது, ஈரத்தில் நொந்துவிடும். தடித்த அலங்காரத் தாளோ கீலில் வெடிக்கும். முதுகுக்குத் துணி, இரு அட்டைக்கும் தாள் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள கலைப்பொருள் கடைகளில் தாளைத் தொட்டு, வளைத்துப் பார்த்து வாங்கலாம். தாளைச் சுருட்டித்தான் தருவார்கள். இறுக்கிச் சுருட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் விரித்து வையுங்கள்.

மார்பிளிங்

தண்ணீர்மேல் மிதக்கும் நிறத்தைத் தாளில் பதிப்பதுதான் மார்பிளிங். அதன் துருக்கிய வகையான எப்ரு 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றபின் மார்பிளிங் வகுப்புகளில் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். குழந்தைகளோடு தொடங்குபவர்களுக்கு ஜப்பானிய சுமிநாகாஷி எளிது. வெறும் தண்ணீரும் மையும் போதும், நிறத்தைத் தாளில் பிடிக்க வைக்கும் படிகாரம் வேண்டியதில்லை.

கெட்டித் தண்ணீரில் செய்யும் முறைக்கு காராஜீனன் என்ற கடற்பாசித் தூள் 4 லிட்டருக்குச் சுமார் 2 மேசைக்கரண்டி. கலக்கி ஓர் இரவு விட வேண்டும். அன்று காலை கலக்கி மதியம் வகுப்பு நடத்தினால் குமிழிகள் மேற்பரப்பில் நின்று வெள்ளைப் புள்ளியாகத் தாளில் பதியும். காராஜீனன் இல்லையே என்று அங்காடியில் வாங்கிய அகர் அகரைப் போடுபவர்கள் உண்டு. அது உறைந்து கட்டியாகிவிடும். நமக்கு வேண்டியது உறையாத, வழுவழுப்பான நீர். சமையலுக்கான காராஜீனனிலும் உறையும் வகை உண்டு, மார்பிளிங்குக்கு என்று விற்பதையே வாங்குங்கள்.

தாளுக்குப் படிகாரம்: அரை லிட்டர் வெந்நீரில் 1 மேசைக்கரண்டித் தூள். தேக்கா சந்தையில் கட்டியாகக் கிடைப்பதை நன்றாகப் பொடித்து முழுதும் கரைக்க வேண்டும். பஞ்சால் சீராக ஒரு பக்கம் பூசி, பாதி ஈரத்தில் எடை வைத்து, அன்றே பயன்படுத்துங்கள். விட்டுப்போன இடத்தில் நிறம் கழுவிப்போகும். அதிகமாகப் பூசிய தாள் ஆண்டுகள் போகப் போக அமிலத்தில் நொறுங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நிறம் வழுக்கிப் போகிறதா? தாளைச் சந்தேகியுங்கள். அமிலமில்லாத பல தாள்களில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். அது படிகாரத்தோடு வினைபுரிந்து அதன் பிடியைக் கெடுக்கிறது. விலை உயர்ந்த தாள் வாங்கியவரே அதிகம் நொந்துபோவது இதனால்தான். ஒரு கட்டு வாங்கும் முன் ஒரு தாளைச் சோதியுங்கள். தாளை ஒரு மூலையிலிருந்து சாய்வாக, நிற்காமல் இறக்குங்கள். நடுவில் கை தயங்கினால் அங்கே ஒரு கோடு விழும். ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் செய்தித்தாள் துண்டால் மேற்பரப்பை வழித்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

புத்தகத்தை அழுத்தும் கருவி இல்லாவிட்டால் சமமான பலகை ஒன்றின்மேல் 5 கிலோ அரிசிப் பை போதும். பலகையின்றிப் பையை நேராக வைத்தால் நடு மட்டும் அழுந்தும். அரை மணி கழித்து உறிஞ்சுதாளை மாற்றுங்கள், பிறகு 24 மணி நேரம், மழைக்காலத்தில் 48. குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் விரைந்து காயும். விசிறிக்கு முன்னும் அப்படித்தான். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் பின்பக்கம் சில செமீ இடைவெளி விடுங்கள், பூசணம் அங்கிருந்துதான் தொடங்கும். கேமராவுக்கு வைத்திருக்கும், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் 50 விழுக்காட்டில் இருந்தால் அதிலேயே வைக்கலாம். 40க்குக் கீழ் இறக்காதீர்கள், காகிதம் உலர்ந்து உடையத் தொடங்கும்.

பாட்டியின் தேவாரப் புத்தகத்தையோ பழைய பஞ்சாங்கத்தையோ முதல் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். பிவிஏ ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, ஒட்டுநாடா ஒட்டினால் மஞ்சள் கறை. பழைய தாளுக்கு நீரில் கரையும் மைதா அல்லது கோதுமை மாப்பசைதான், அதுவும் நீங்கள் பல புத்தகம் கட்டிய பிறகு.

புது அட்டை வெளிப்பக்கம் வளைந்துவிட்டால் எறியாதீர்கள். வளைவு ஏற்படுவது மேலுறை காய்ந்து சுருங்கி அட்டையை இழுப்பதால். உள்ளே ஒட்டிய தாளின் மேல் இன்னொரு மெல்லிய தாளை, இழை அதே திசையில், சற்று நீர்த்த மைதாப் பசையால் ஒட்டுங்கள். அது காயும்போது எதிர்ப்பக்கம் இழுக்கும். உறிஞ்சுதாள், பலகை, அரிசிப் பை என்று மீண்டும் இரண்டு நாள். உள்பக்கம் வளைந்திருந்தால் மட்டும் இது உதவாது. அதற்கு மேலுறையைப் பிரித்து மாற்ற வேண்டும்.