ஹியூ லாரியை எந்த வரிசையில் பார்ப்பது?

பிரிட்டிஷ் நடிகர் ஹியூ லாரி என்று சொன்னால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ‘தடி ஊன்றி நடக்கிற அந்தச் சிடுமூஞ்சி டாக்டர்தானே’ என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மயிலாப்பூர் சபா நாடகங்கள் பார்த்து வளர்ந்த எனக்கு நகைச்சுவை நடிகர் என்றால் அளவுகோல் நாகேஷ்தான், அதை வைத்தே சொல்கிறேன்: ‘சர்வர் சுந்தரம்’ பார்க்காமல் நேராக ‘அபூர்வ சகோதரர்கள்’ வில்லனைப் பார்ப்பவருக்கு என்ன நஷ்டமோ, லாரியை ‘ஹவுஸ்’ தொடரில் ஆரம்பிப்பவருக்கும் அதே நஷ்டம்.

முதலில் ‘ஜீவ்ஸ் அண்ட் வூஸ்டர்’ (1990–93). மொத்தம் 23 எபிசோடு, நாலைந்து பார்த்தால் போதும். லாரி வூஸ்டர் என்கிற பணக்காரத் தத்தி, அவரைக் கரையேற்றும் வேலைக்காரர் ஜீவ்ஸாக ஸ்டீஃபன் ஃப்ரை, இருவரும் கேம்பிரிட்ஜ் காலத்திலிருந்து கூட்டாளிகள். சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கமே வேண்டாம். ஒரு காட்சியை இரண்டாம் தடவை பார்க்கும்போது மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டு முகத்தைக் கவனியுங்கள். ஜீவ்ஸ் சொன்னது மண்டைக்குள் இறங்குவதற்கு முன்னாலேயே புரிந்துவிட்ட மாதிரி தலையாட்டுவார், அப்புறம்தான் கண் விழிக்கும். அந்த அரை நொடி இடைவெளிதான் சிரிப்பு. பியானோ வாசிப்பதும் அவரேதான்.

(இவர் நடிகரானதே ஒரு விபத்து. அப்பா 1948 லண்டன் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் தங்கம் வாங்கியவர், பிள்ளையும் அதே வழியில் போனார். நடுவில் காய்ச்சல் வந்து படகை விட்டபோதுதான் ஃபுட்லைட்ஸ் நாடகக் குழுவில் சேர்ந்தார்.)

சரி, இரண்டாவது ‘பிளாக்ஆடர்’ நாலாவது சீசன், 1989. ஆறே எபிசோடு, வரிசையாகவே பாருங்கள், கடைசி எபிசோடுக்குத் தாவிவிடாதீர்கள். முதல் உலகப் போர்ப் பதுங்கு குழியில் எதற்கெடுத்தாலும் குதூகலிக்கிற அசட்டு லெப்டினன்ட் ஜார்ஜ் இவர். ஐந்து எபிசோடு அந்த அசட்டுத்தனத்துக்குச் சிரித்துப் பழகிய பிறகு, கூடச் சேர்ந்த நண்பர்களில் தான் ஒருவன்தான் மிச்சம் என்பது கடைசியில் அவனுக்கே உறைக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்கிறான். குரலோ முகமோ புதிதில்லை, அதே தத்திதான், ஆனால் உங்களால் சிரிக்க முடியாது.

இதற்கப்புறம் ‘ஹவுஸ்’ (2004–12). 177 எபிசோடையும் பார்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முதல் எபிசோடு, அப்புறம் முதல் சீசனின் 21-வது எபிசோடு, பிடித்தால் மேலே போங்கள். இந்த வேடத்துக்கான ஆடிஷனை நமீபியாவில் ஒரு ஹோட்டல் குளியலறையில் படம்பிடித்து அனுப்பினார், பார்த்தவர்கள் இவரை அமெரிக்கர் என்றே நம்பிவிட்டார்கள். இங்கேயும் அந்த அரை நொடியைத் தேடுங்கள். இப்போது தலைகீழ்: எதிராளி பேசி முடிப்பதற்குள் டாக்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டிருக்கும், வேண்டுமென்றே காக்க வைப்பார்.

நர்ஸாக இருந்து ரிடையரான அம்மா கூட உட்கார்ந்து பார்த்ததில் ஒரு பாடம் கிடைத்தது.

“ஏன்டா, இவனுக்கு வலி வலது கால்லதானே? அப்போ தடி இடது கையில இருக்கணும்.”

“கதைக்காக அப்படி, விடும்மா.”

“என்ன கதை? வழுக்கி விழுந்தா?”

அம்மா சொன்னது சரி, எட்டு சீசனும் தடி தப்பான கையில்தான்.

கடைசியில் ‘தி நைட் மேனேஜர்’ (2016), ஆயுத வியாபாரி ரோப்பர். இந்தி ரீமேக்கில் அனில் கபூர் செய்த வேடம், அதைப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. இந்தத் தொடரின் மூல நாவல் வந்த 1993-லேயே லாரி அதன் உரிமையை வாங்கப் பார்த்தார், அப்போது ஆசைப்பட்டது நாயகன் வேடத்துக்கு. வயது ஏறி வில்லன் வேடம் வந்தது, கோல்டன் குளோபும் வந்தது. முகத்தில் அசையும் தசையெல்லாம் அடங்கிப்போய், அழகாகச் சிரித்துக்கொண்டே பயமுறுத்துவார்.

‘ஸ்டூவர்ட் லிட்டில்’ வீட்டில் குழந்தைகள் இருந்தால் மட்டும். எது எந்த ஓடிடியில் என்று கேட்காதீர்கள், மாறிக்கொண்டே இருக்கிறது.

ரோப்பர் கடற்கரையில் விறுவிறுவென்று நடந்து வந்தபோது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “இது அந்த டாக்டர்தானே? கால் சரியாயிடுச்சா?”