பிரேக்கர் ட்ரிப் ஆகிறதா? புது வீட்டில் மின்சார லோடு பற்றி

வெளிநாட்டில் வாடகை வீட்டின் சாவி கைக்கு வந்த அன்றே, பிரேக்கர் பேனல் (லோடு, அதாவது இழுக்கும் மின்சாரம், கூடினால் தானே ஆஃப் ஆகும் ஸ்விட்சுகள் உள்ள பெட்டி) எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்து வையுங்கள். பேனலைத் திறந்தால் ஸ்விட்சுகளின் மேல் 15, 16, 20, 32 என்று எண்கள் தெரியும். அந்த ஸ்விட்சிலிருந்து போகும் லைனில் அத்தனை ஆம்ப் (மின்னோட்டத்தின் அளவு) வரை போகலாம் என்று அர்த்தம். சுவருக்குள் ஓடும் வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதுதான் பிரேக்கரின் முதல் வேலை. உங்கள் டிவியையோ ஃபிரிட்ஜையோ காப்பதற்காக அதை வைக்கவில்லை.

கணக்கு சுலபம். வோல்ட்டை ஆம்பால் பெருக்கினால் வாட். ஐரோப்பாவில் 230 வோல்ட், 16 ஆம்ப் லைன் என்றால் 3680 வாட். அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரண சாக்கெட்டில் 120 வோல்ட்தான் வரும். 15 ஆம்ப் லைனில் 1800 வாட்டோடு சரி. 230 வோல்ட்டில் பழகியவர்கள் அங்கே போய்த் திணறுவது இதனால்தான். 1000 வாட் என்று எழுதியிருக்கும் மைக்ரோவேவ், லைனிலிருந்து சுமார் 1500 வாட் இழுக்கும். பக்கத்திலேயே 1500 வாட் கெட்டிலையும் போட்டால் மொத்தம் 25 ஆம்ப். பிரேக்கர் ட்ரிப் ஆகாமல், அதாவது தானே ஆஃப் ஆகாமல், என்ன செய்யும்?

மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் லோடுக்கு அமெரிக்க விதிப்படி 80 சதவீதம்தான் கணக்கு. அதாவது 15 ஆம்ப் லைனில் 1440 வாட். குளிருக்கு வாங்கும் 1500 வாட் ஹீட்டர் ஒன்றே இதைத் தாண்டிவிடுகிறது. அதனால் ஹீட்டர் ஓடும் லைனில் வேறு பெரிய சாமான் எதுவும் வேண்டாம். நெடுநேரம் ஓட்டுவதாக இருந்தால் குறைந்த செட்டிங்கில் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரை மாட்டவே மாட்டாதீர்கள். அந்த பாக்ஸில் ஆறு ஓட்டை இருப்பதால் லைனின் சக்தி கூடிவிடாது. பிரிட்டனில் பிளக்குக்குள்ளேயே அதிகபட்சம் 13 ஆம்ப் ஃபியூஸ் இருக்கும். எக்ஸ்டென்ஷனில் எத்தனை சாமான் மாட்டினாலும் எல்லாம் அந்த ஒரு ஃபியூஸ் வழியாகத்தான் போகும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. லோடு கொஞ்சமாகக் கூடினால் பிரேக்கர் உடனே விழாது. வீடுகளுக்கான ஐரோப்பியத் தரத்தின்படி, 16 ஆம்ப் பிரேக்கர் ஏறக்குறைய 23 ஆம்ப் போனாலும் விழ ஒரு மணி நேரம் வரை எடுக்கலாம். அவ்வளவு நேரமும் வயர் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ட்ரிப் ஆகவில்லை என்பதை வைத்து லோடு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பிளக்கோ சாக்கெட்டோ கை வைக்க முடியாதபடி சுட்டாலும், பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தாலும் அந்த லைனையே பேனலில் நிறுத்திவிடுங்கள்.

ட்ரிப் ஆனால் முதலில் சாமான்களைக் கழற்றுங்கள். பிரேக்கரை முழுவதும் ஆஃப் பக்கம் தள்ளிவிட்டு, அப்புறம் ஆன் செய்யுங்கள். சில பிரேக்கர்கள் நடுவில் நிற்கும், நேரே ஆன் பக்கம் தள்ளினால் பிடிக்காது. எதுவுமே மாட்டாதபோதும் மறுபடி விழுந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து பார்க்க வேண்டிய வேலை அது. 15 ஆம்ப்பைக் கழற்றிவிட்டு 20 போட்டால் தொல்லை தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரேக்கர்தான் பெரிதாகும், உள்ளே இருப்பது அதே மெல்லிய வயர்.