கால் அளவு பைப்பர் கப்: வரைபடத்திலிருந்து பெட்ரோல் மாதிரி விமானம் கட்டும் முறை

தாளில் இருக்கும் கோடுகளை மரமாக்கி, அந்த மரத்தைப் பெட்ரோல் இன்ஜின் வானத்துக்கு இழுத்துச் செல்வதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தரையில் நின்று ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் இது; ‘கால் அளவு’ என்றால் அசல் விமானத்தின் நீள அகலங்களில் நான்கில் ஒரு பங்கு. கட்டுவதில் நீங்கள் புதியவராக இருக்கலாம். பறக்கவிடுவதில் புதியவராக இருக்கக் கூடாது. சிறிய பயிற்சி விமானம் ஒன்றைத் தனியாக ஏற்றி, திருப்பி, பத்திரமாக இறக்கத் தெரிந்த பிறகே எட்டு கிலோ விமானத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கட்டும் முதல் பெரிய விமானமாக, அமெரிக்காவின் பழைய இருவர் விமானமான பைப்பர் ஜே-3 கப்பைச் சொல்வேன். 1938 முதல் 1947 வரை பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் ஏறக்குறைய 20,000 தயாரானது. மஞ்சள் உடலும் கறுப்பு மின்னல் கோடும் அதன் அடையாளம். கட்டுகிறவருக்கு அதன் அமைப்புதான் வரப்பிரசாதம். இறக்கை நுனி வளைவு வரை ஒரே அகலம், அடிப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை, உடல் நான்கு மூலைக் கட்டைகள் கொண்ட நேரான பெட்டி. அசலின் இறக்கை நீளம் 10.74 மீட்டர், கால் அளவில் 2.69 மீட்டர், அதாவது 106 அங்குலம். உடல் நீளம் 1.7 மீட்டர், இறக்கை அகலம் 40 செ.மீ. கட்டி முடித்தால் ஏழு முதல் ஒன்பது கிலோ வரை வரும்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பெரிய விமானத்தில் வலிமை தேவைப்படும் இடங்கள் சிலவே: இன்ஜினைத் தாங்கும் முன்பலகை, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார், உடலிலிருந்து சாய்வாகப் போய் இறக்கையில் சேரும் ஸ்டிரட் பொருந்தும் இடங்கள், சக்கரக் கால்கள். மற்ற இடங்களிலெல்லாம் எடையைக் குறைப்பதே உங்கள் வேலை. புதியவர்கள் பயத்தில் எல்லா இடத்திலும் கனமான மரத்தையும் கூடுதல் பசையையும் சேர்க்கிறார்கள். விமானம் பாரமாகிறது, பாரமான விமானம் வேகமாக இறங்குகிறது, வேகமாக இறங்குவதுதான் உடைகிறது.

படி 1: வரைபடமும் பலகையும்

வரைபடத்தை அச்சிட்டதும், அதில் நீளம் குறித்த கோடு ஒன்றை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பெரிய அச்சு இயந்திரங்கள் தாளின் நீளவாக்கில் சற்றே இழுத்துவிடுவதுண்டு. அகலவாட்டிலும் அளந்து, இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே மரத்தைத் தொடுங்கள். ஒரு பிரதியை வெட்டி ஒட்ட வைத்துக்கொண்டு, இன்னொன்றைச் சுவரில் மாட்டுங்கள்.

கட்டும் மேசை தட்டையாக இருக்க வேண்டும். வளையாத பிளஷ் கதவு ஒன்றின் மேல் குண்டூசி இறங்கும் மென்பலகையை ஒட்டினால் போதும். ரசமட்டமும் நீண்ட இரும்பு ஸ்கேலும் வைத்துச் சரிபாருங்கள். மேசையில் முறுக்கு இருந்தால் இறக்கையிலும் இருக்கும். வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போடுங்கள்.

படி 2: மரம் தேர்ந்தெடுத்தல்

பால்சா மரத்தில் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், எடையில் அப்படியல்ல. 3 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலம், 91.5 செ.மீ. நீளம் உள்ள பலகை ஒன்று 30 கிராம் இருக்கும். அதே அளவில் இன்னொன்று 55 கிராம் இருக்கும். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையைப் பென்சிலால் மூலையில் எழுதுங்கள். இலேசானவற்றை வாலுக்கு ஒதுக்குங்கள். மீன் செதில் போலப் புள்ளிகள் மின்னும் பலகை வளையாது, இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டான ரிப்புக்கு அது ஏற்றது. சுருட்டினால் வளைந்து கொடுக்கும் பலகை இறக்கையின் முன்விளிம்பைப் போர்த்த உதவும். ஸ்பாருக்கு முடிச்சில்லாத ஸ்புரூஸ் சட்டம், முன்பலகைக்கு பிர்ச் பிளைவுட்.

படி 3: இறக்கை

எல்லா ரிப்பும் ஒரே அளவு என்பதால் ஒவ்வொன்றாக வரைந்து வெட்ட வேண்டாம். பிளைவுட்டில் இரண்டு அச்சுத் துண்டுகளைத் துல்லியமாகச் செய்து, அவற்றுக்கு இடையே பால்சாத் துண்டுகளை அடுக்கி, போல்ட் போட்டு இறுக்குங்கள். முழு அடுக்கையும் இழைப்புளியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பார் பள்ளங்களையும் ஒரே மூச்சில் அறுத்துவிடலாம்.

கீழ் ஸ்பாரை வரைபடத்தின் மேல் குண்டூசியால் நிறுத்தி, ரிப்புகளை மூலைமட்டம் வைத்து நிமிர்த்தி ஒட்டி, மேல் ஸ்பாரைப் பொருத்துங்கள். பிறகு இரண்டு ஸ்பார்களுக்கும் இடையே, ரிப்புக்கு ரிப்பு, பால்சாத் தகடுகளை நிறுத்த வேண்டும். மர இழை செங்குத்தாக ஓட வேண்டும். படுக்கையாக ஓடினால் பலன் போய்விடும். இறக்கை வளையும்போது ஒரு ஸ்பார் அழுந்துகிறது, மற்றது இழுபடுகிறது. இரண்டும் தனித்தனியே நகர்ந்துவிடாமல் பிடித்து வைப்பது இந்தத் தகடுதான்.

முன்விளிம்பைப் போர்த்துவதற்கு முன், இறக்கை நுனியில் பின்விளிம்பு மட்டும் சற்று உயரும்படி ஆப்பு வையுங்கள். இரண்டு பாகை போதும்; 40 செ.மீ. அகலத்துக்கு அது ஏறத்தாழ 14 மி.மீ. வேகம் குறையும்போது நுனி முதலில் தூக்குவிசையை இழந்து விமானம் ஒருபக்கமாகக் கவிழாமல் இது காக்கும். போர்த்திய பசை காய்ந்துவிட்டால் இந்த முறுக்கு நிலைத்துவிடும். பிறகு மாற்ற முடியாது. இரண்டு இறக்கைகளுக்கும் ஒரே ஆப்பையே பயன்படுத்துங்கள்.

ஸ்டிரட் சில வரைபடங்களில் வெறும் அலங்காரம், சிலவற்றில் உண்மையாகவே சுமை தாங்குவது. உங்கள் வரைபடம் எதைச் சொல்கிறது என்று படித்துவிட்டு, தாங்கும் வகையானால் உலோக இணைப்பில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

படி 4: உடலும் வாலும்

உடலின் இரு பக்கங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே வரைபடத்தில் கட்டினால் வேறுபாடு வராது. குறுக்குச் சட்டங்களைப் பொருத்தும்போது நடுக்கோட்டை நூல் பிடித்துப் பாருங்கள்.

வாலில் கிராம் கணக்குப் பாருங்கள். கப்பின் மூக்கு குட்டை, வால் தொலைவு. வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் ஈயத்தை மூக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

படி 5: முன்பலகை

அவசரமே கூடாத இடம் இது. இருபது, முப்பது சி.சி. ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு முழுவதும் இந்தப் பலகையில்தான் இறங்குகிறது. 6 மி.மீ. பிர்ச் பிளைவுட்டை முப்பது நிமிட எப்பாக்சியால் ஒட்டுங்கள். நொடியில் ஒட்டும் பசை அதிர்வில் நொறுங்கும். அதை இங்கே தொடவே வேண்டாம். உட்புற மூலைகளில் முக்கோணக் கட்டைகளை ஒட்டி, பக்கவாட்டிலிருந்து பிளைவுட்டின் ஓரத்துக்குள் 3 மி.மீ. துளையிட்டு, எப்பாக்சி தடவிய மூங்கில் குச்சிகளைச் செருகுங்கள். பெட்ரோல் ஊறாதிருக்க முழுப் பலகைக்கும் எப்பாக்சியை மெல்லிதாகப் பூசுங்கள். இன்ஜின், விமானியின் பார்வையில் இரண்டு மூன்று பாகை வலப்பக்கம் பார்க்க வேண்டும். போல்ட்டுகள் அதிர்வில் கழலாதிருக்க மரைப்பசை கட்டாயம்.

படி 6: எரிபொருளும் மின்சாரமும்

சிலிகான் குழாய் பெட்ரோலில் ஊதிக் கெட்டுவிடும். பெட்ரோலுக்கென்றே செய்த குழாயும் டேங்க் மூடியும் வாங்குங்கள். டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை இன்ஜின் கையேடு சொல்லும் விகிதத்தில் கலக்கவும். 30:1 என்றால் லிட்டருக்கு 33 மி.லி.

இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, தனி சுவிட்ச். ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவரை அதிலிருந்து 30 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். கார்புரேட்டரின் திராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வை) இயக்கும் கம்பி நைலானாக இருக்கட்டும். உலோகக் கம்பி இக்னிஷனின் மின்னிரைச்சலை நேரே ரிசீவரிடம் கொண்டு சேர்க்கும். சிக்னல் அறுந்தால் திராட்டில் தானாக மூடும்படி பெயில்சேப் என்ற பாதுகாப்பு வசதியை அமைத்து, கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரை அணைத்து அது வேலை செய்வதைக் கண்ணால் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரிலிருந்தே இக்னிஷனை நிறுத்தும் வசதியும் வேண்டும்.

படி 7: துணியும் சமநிலையும்

கப்புக்குப் பளபளக்கும் படலத்தை விட, இஸ்திரியால் ஒட்டிச் சுருக்கும் பாலியெஸ்டர் துணியே அழகு. ஒட்டுவதற்கு முன் சட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படும் மேடு துணிக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும். இறக்கையின் மேலும் கீழும் மாறி மாறிச் சுருக்குங்கள், இல்லாவிட்டால் முறுகிவிடும்.

எல்லாம் பொருத்திய பின், டேங்க் காலியாக இருக்கும்போது எடைமையத்தைப் பார்க்கவும். வரைபடத்தில் குறித்த புள்ளியே முடிவானது. பொதுவாக இறக்கை அகலத்தில் 25 முதல் 30 விழுக்காடு, அதாவது முன்விளிம்பிலிருந்து 10 முதல் 12 செ.மீ. முதலில் பேட்டரிகளை முன்னே நகர்த்திப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் ஈயம்.

படி 8: இன்ஜின், பிறகு வானம்

புரொப்பெல்லரைச் சமநிலைப்படுத்தி மாட்டுங்கள். விமானத்தைக் கட்டிப்போட்டு, தடித்த தோல் கையுறை அணிந்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து இயக்குங்கள். சோக்கை மூடிச் சுழற்றும்போது ஒரு வெடிப்பொலி கேட்கும். சோக்கைத் திறந்து மீண்டும் சுழற்றினால் ஓடத் தொடங்கும். புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராக, பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போதே ரேடியோ தொலைவுச் சோதனையை நடத்துங்கள்.

இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள், மாதிரி விமானத்தை 25 கிலோவுக்கு மிகாத, கண்ணுக்கெட்டிய தொலைவில் பறக்கவிடும் கருவி என்று வரையறுக்கின்றன. எந்த வான்பகுதியில் அனுமதி உண்டு என்பதைப் பறப்பதற்கு முன் பாருங்கள். ஒரு கிளப்பின் மைதானமும் அனுபவமுள்ள ஒருவரின் துணையும் கிடைத்தால் மிக நல்லது.

காற்றை எதிர்த்து மெதுவாகத் திராட்டிலைக் கூட்டுங்கள். வால் தானாக எழும். உடனே மூக்கைத் தூக்காமல் இன்னும் ஓடவிடுங்கள். கப், இறக்கையைச் சாய்க்கும் அலெரான் மட்டும் கொடுத்தால் மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பும். வாலிலுள்ள ரடரையும் சேர்த்தே திரும்ப வேண்டும். போதிய உயரத்தில் வேகத்தைக் குறைத்து அது எப்படித் தளர்கிறது என்று பார்த்துக்கொண்டால், இறங்கும் வேகம் பிடிபடும். முதல் தடவை ஐந்தாறு நிமிடம் போதும். இறங்கியதும் இன்ஜின் போல்ட், மப்ளர் திருகு, சர்வோ கைகள், முன்பலகை மூலைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தளர்ந்ததை இறுக்கிவிட்டு மறுபடி டேங்கை நிரப்புங்கள்.