தோட்ட நகரத்தில் எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் நடத்த வருபவர்களுக்கு

வங்கியிலோ தோட்ட அலுவலகத்திலோ பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் இலக்கியம் கற்பிக்க வருபவர்கள் நாவலைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். அதற்கு முன் கவனிக்க வேண்டியது கால அட்டவணை. சுங்கை சிப்புட், பெஸ்தாரி ஜெயா போன்ற ஊர்களின் இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் இலக்கியம் பெரும்பாலும் பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோதான் நடக்கும். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு வசதி செய்து தர வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். ஆனால் அது தமிழ்மொழிக்குத்தான். இலக்கியத்துக்கு அந்தப் பிடி கிடையாது. பள்ளி முதல்வர் இடம் தந்தால், பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினால், வகுப்பு உண்டு.

உங்கள் சான்றிதழ்களை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் நிரந்தரமாகச் சேர, பட்டத்தோடு கல்வியியல் தகுதியும் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் தேர்ச்சியும் வேண்டும். நியமனம் கல்விச் சேவை ஆணையத்தின் வழி நடக்கும். தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் எடுக்க விரும்பினால் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தனியார் பள்ளியிலும் பதிவு பெற்ற டியூஷன் நிலையத்திலும் கற்பிக்கக்கூட ஆசிரியர் பதிவோ கற்பித்தல் பெர்மிட்டோ தேவை. கோயில் மண்டபத்தில் இலவசமாக நடத்துவதுதானே என்று இருந்துவிடாமல், மாவட்டக் கல்வி இலாகாவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வகுப்பு கலைவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று பள்ளிப் பேருந்து. இரண்டரை மணிக்கு வகுப்பு, இரண்டு மணிக்குப் பேருந்து என்றால் தோட்டத்துப் பிள்ளை எப்படி வரும்? நேரம் குறிக்கும் முன் பேருந்து ஓட்டுநரிடம் பேசுங்கள். மற்றொன்று தேர்வுப் பதிவு. படிவம் 4 வகுப்பு முழுக்க ஒழுங்காக வந்த மாணவரின் பெயர், தேர்வு எழுதும் படிவம் 5 வகுப்பில் பதிவுப் பட்டியலில் இல்லாமல் போவதுண்டு. இலக்கியத்தைச் சேர்க்கச் சொல்லி யாரும் நினைவூட்டியிருக்க மாட்டார்கள். பதிவு நடக்கும் நாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாடம் அச்சாகியிருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பாடங்கள் அதிகமாகிவிடுமே என்று பெற்றோர் தயங்கினால் பத்துப் பாடங்களுக்கு மேல் இன்னும் இரண்டு எடுக்கவிடும் 10+2 சலுகையை எடுத்துச் சொல்லலாம்.

பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். 2021 முதல் எஸ்.பி.எம். தேர்வு கே.எஸ்.எஸ்.எம். என்ற இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் நடக்கிறது. ஆனாலும் அதற்கு முந்தைய குறிப்புகள் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகின்றன. நடப்பு நூல்பட்டியலையும் தேர்வு வாரியத்தின் மாதிரித்தாளையும் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

தோட்டப் பின்னணி நாவல் கிடைத்தால் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நாவலில் வருவது ரப்பர் தோட்டம், இன்றைய தோட்டத்தில் பெரும்பாலும் செம்பனைதான் (எண்ணெய்ப்பனை). லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோன குடும்பங்களில் நிரை (மர வரிசை), மங்கு (பால் சேரும் கிண்ணம்), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய பால்), பெரட்டுக்களம் (காலையில் ஆட்கள் கூடும் இடம்) எல்லாம் வெறும் சொற்கள். ரப்பர் பால்வெட்டில் இருந்த ஒரு பாட்டியை, பெரும்பாலும் மாணவர் ஒருவரின் சொந்தப் பாட்டியே கிடைப்பார், உளியோடும் மங்கோடும் அரைமணி நேரம் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். விடிவதற்கு முன்பே ஏன் வெட்டினீர்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும், ஈரப் பட்டையில் வெட்டினால் பூசண நோயும் பிடிக்கும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. இது புரிந்த மாணவருக்கு அடைமழை அத்தியாயத்தில் கடைக்காரரின் புத்தகத்தில் ஏன் கடன் ஏறுகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பின்னணி பற்றிய கேள்விக்கு ‘கதை தோட்டத்தில் நடக்கிறது’ என்று ஒரே வரியில் முடிக்கவும் மாட்டார்.

தொண்ணூறு நிமிட வகுப்பை இப்படிப் பிரிக்கலாம்: முந்தைய பகுதியிலிருந்து வாய்மொழிக் கேள்விகள் 10 நிமிடம், உரக்க வாசிப்பு 35, கலந்துரையாடல் 20, எழுத்து 25. எழுத்தை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். குறிப்பைப் பார்த்து எழுதிய விடைதான் திரும்பி வரும். வேறு துறையிலிருந்து வருபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பழக்கம், கதைச்சுருக்கத்தை ஸ்லைடில் போட்டு விளக்குவது. சுருக்கம் கிடைத்தபின் நூலை யாரும் திறப்பதில்லை.

விடை எழுத கருத்து, சான்று, விளக்கம் என்ற மூன்று படிகள் போதும். ஒரு கதையில் தாய் ஒருத்தி மகனின் படிப்புக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘தாய் பாசமுள்ளவள், மகனுக்காக மிகவும் கஷ்டப்படுகிறாள்’ என்ற விடையை நூலைப் படிக்காமலே எழுதிவிடலாம். ‘கொடியை அடகு வைத்ததைக் கணவனிடம் மறைத்து, மஞ்சள் கயிற்றோடு வேலைக்குப் போகிறாள். அவளுடைய பாசத்தை அவள் பேச்சில் அல்ல, மறைப்பதில் காண்கிறோம்’ என்று எழுதினால் சான்றும் விளக்கமும் சேர்ந்துவிடுகின்றன. வாரம் இரண்டு பத்தி போதும். திருத்தும்போது சான்று இல்லாத வரிக்குக் கீழே மட்டும் கோடு போடுங்கள். எழுத்துப்பிழைகளை அடுத்த சுற்றில் பார்க்கலாம். மேற்கோளுக்குள் ‘சடக்கு’ போன்ற பேச்சுவழக்குச் சொல் இருக்கலாம், மாணவரின் சொந்த வாக்கியத்தில் ‘சாலை’ என்றே வரட்டும்.

கவிதையை விளக்குவதற்கு முன் மூன்று முறையாவது வாய்விட்டுப் படிக்க வையுங்கள். எதுகை, மோனையில்தான் குழப்பம் அதிகம். மோனை முதலெழுத்துப் பொருத்தம் என்பது எளிதில் பிடிபட்டுவிடும். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ‘பட்டு’க்குக் ‘கட்டு’ எதுகையாகும், ‘பாட்டு’ ஆகாது. ஒன்றில் குறில், மற்றதில் நெடில். இதைப் பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, மாணவர்களே பென்சிலால் கவிதையில் வட்டமிடட்டும். பிறகு அந்த ஓசை கவிதையின் பொருளுக்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள். நயம் இன்னதென்று பெயர் சொல்லிவிட்டு நின்றுவிடும் விடைகள்தான் அதிகம்.

நாடகத்துக்கு ஒரு காட்சியை நடிக்க வைத்தால் போதும், உடையலங்காரம் வேண்டாம். தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களில் புதிய பாடம் எடுக்காமல், வாரம் ஒரு முழுத்தாளை நேரம் குறித்து எழுத வையுங்கள். கடைசிக் கேள்வி வெறுமையாகக் கிடந்தால் முதல் கேள்வியில் எத்தனை நிமிடம் போனது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் மூன்று பக்கம் எழுதியிருப்பார்கள்.