ஹேஸாப் ஷீட்டில் ஒரே கருவியைப் பல தடவை எண்ணாமல் இருக்க

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஹேஸாப் (ஆலையில் எது எப்படித் தவறலாம் என்று வரி வரியாக அலசும் ஆய்வு) குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். ஷீட் நிரப்புவது என் வேலை. டேங்கர் லாரியிலிருந்து டொலுயீன் என்ற தீப்பற்றும் கரைப்பானை இறக்கும் டேங்க். 'நிரம்பி வழிதல்' என்ற வரிக்கு எதிரே ஆறு பாதுகாப்புகளை எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறப்போகிற இன்ஸ்ட்ருமென்ட் ஃபோர்மேன் ஒருவர் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல ஆறு இல்ல. ரெண்டுதான் இருக்கு" என்றார்.

ஆறு எப்படி இரண்டானது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் பி அண்ட் ஐடி வரைபடத்தை (குழாய்களையும் கருவிகளையும் காட்டும் படம்) ஏ3 தாளில் அச்செடுத்துக்கொண்டு பிளான்ட்டுக்குள் ஒரு சுற்று நடந்து வாருங்கள். படத்தில் இல்லாத ஒரு பைபாஸ் வால்வாவது கண்ணில் படும். அப்புறம் கலர் பென்சிலால் படத்தை நோடுகளாக, அதாவது தனித்தனியாக அலச வேண்டிய பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம், எக்செல் போதும். சாஃப்ட்வேரில் பழைய ஷீட்டைக் காப்பி செய்வது ரொம்பச் சுலபம், ஆபத்தே அதில்தான்.

அடுத்து வழிகாட்டிச் சொற்கள்: இல்லை, அதிகம், குறைவு, எதிர்த்திசை, வேறொன்று. 1960களில் ஐசிஐ நிறுவனத்தில் உருவான முறை இது. ஒவ்வொரு சொல்லையும் ஓட்டம், அழுத்தம், வெப்பம், லெவல் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை எல்லா வகுப்பிலும் சொல்லித்தருவார்கள் என்பதால் தாண்டிப் போகிறேன்.

நான் விழுந்த இடம் காரணக் கட்டம். 'லெவல் அதிகம்' என்று போட்டு, காரணங்களை எல்லாம் ஒரே கட்டத்தில் கமா போட்டு எழுதிவிட்டேன்: டிரான்ஸ்மிட்டர் (லெவலை அளந்து திரைக்கு அனுப்பும் கருவி) ஒரே அளவில் சிக்கிக்கொள்வது, இடமில்லாத டேங்குக்கு லைனைத் திருப்பிவிடுவது, கணக்குத் தப்பி ஒரு லாரி கூடுதலாக இறக்குவது. அப்படி எழுதவே கூடாது. ஒரு காரணத்துக்கு ஒரு வரி. தவறான டேங்குக்குத் திருப்பிவிட்டால் அந்த டேங்கின் அலாரம் ஒழுங்காக அடிக்கும், அது பாதுகாப்புதான். டிரான்ஸ்மிட்டரே சிக்கிக்கொண்டால் அதே அலாரம் வெறும் அலங்காரம்.

என் ஆறு இவைதான்: திரையில் தெரியும் லெவல், ஹை அலாரம், ஹை-ஹை அலாரம், ஆபரேட்டர் கவனிப்பு, தனி ஹைலெவல் ஸ்விட்ச் (லெவல் எல்லை தாண்டினால் பம்பை நிறுத்துவது), டைக் சுவர் (வழிந்ததைத் தேக்க டேங்கைச் சுற்றிக் கட்டியது). முதல் மூன்றும் ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்து வருகின்றன. ஆபரேட்டர் பார்ப்பதும் அதே திரையைத்தான். கெட்டுப்போன கருவியே காரணமாக இருக்கும் வரியில் நான்கையும் அடித்துவிட வேண்டியதுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2005 டிசம்பர் 11 அதிகாலை, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 912ஆம் எண் டேங்கின் லெவல் காட்டி ஒரே அளவில் நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. அலாரங்களும் அந்தக் காட்டியை நம்பித்தான் இருந்தன, எதுவும் அடிக்கவில்லை. தனி ஸ்விட்ச் ஒன்றும் இருந்தது. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டு மாட்ட வேண்டும். பூட்டின் அவசியம் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, மாட்டவும் இல்லை. டேங்க் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, காலை 6.01க்கு வெடித்தது. 40க்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உயிர் தப்பினார்கள்.

ஆகவே ஒவ்வொரு பாதுகாப்புக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கெட்டுப்போன பொருளை நம்பி இருக்கிறதா? தனியாக நின்று விபத்தைத் தடுக்குமா? கடைசியாக எப்போது சோதித்தோம்? மூன்றாவதற்கு, ஒயரில் சிக்னல் கொடுத்துப் பார்த்தோம் என்ற பதிலை நான் ஏற்பதில்லை. மிதவையைத் தூக்கிப் பார்த்து, பம்ப் நிஜமாகவே நின்றதா என்று சொல்ல வேண்டும்.

இனி கணக்கு. லோப்பாவில் (பாதுகாப்பு அடுக்குகளை எண்களால் எடைபோடும் முறை) வழக்கமாக எடுக்கும் எண்கள்: கட்டுப்பாட்டுக் கருவி பத்து வருஷத்துக்கு ஒரு முறை கெடும், அதாவது வருஷத்துக்கு 0.1. ஒழுங்காகச் சோதிக்கப்படும் ஸ்விட்ச் பத்து தடவையில் ஒரு தடவை கைவிடும், அதுவும் 0.1. பெருக்கினால் 0.01, நூறு வருஷத்துக்கு ஒரு முறை வழியும். நான் அலாரத்துக்கும் ஒரு 0.1 போட்டு, ஆயிரம் வருஷம் என்று எழுதி வைத்திருந்தேன். நூறு வருஷமே அதிகம்தானே என்று தோன்றும். அதே மாதிரி பத்து டேங்க் இருந்தால் பத்து வருஷத்துக்கு ஒன்று வழியும், சர்வீஸ் முடிவதற்குள் நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

டைக் சுவரை ஏன் பெருக்கவில்லை? அது திரவத்தைத்தான் தடுக்கும். டொலுயீனின் ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை, சுமார் 4 டிகிரி செல்சியஸ். நம் ஊர் மார்கழிக் குளிர்கூட அதற்கு மேல்தான். மண்ணில் கசிவதற்கு டைக் பாதுகாப்பு, தீக்கு இல்லை. ஃபோர்மேன் சொன்ன இரண்டும், தீ என்ற வரியில் ஒன்றாகிவிட்டது.

பின்சேர்க்கை 1: ஸ்விட்ச் தனி, ஆனால் ஒயர் டிரான்ஸ்மிட்டர் போகும் அதே பிஎல்சி (கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) கார்டுக்குப் போகிறது, பரவாயில்லையா என்று புதுச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கார்டு போனால் இரண்டும் போகும். பம்ப் ஸ்டார்ட்டரை நேராக வெட்டும் ரிலேதான் என் விருப்பம்.

பின்சேர்க்கை 2: கரண்ட் போனால் என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். 2011 தானே புயலைப் பார்த்த ஊர், கேட்காமல் இருப்பார்களா? இறக்கும் பம்புக்குக் கரண்ட் போவது நல்லதுதான், நின்றுவிடும். வெப்பம் உமிழும் ரியாக்டர் அப்படி இல்லை. கலக்கியும் குளிர்நீர் பம்பும் ஒரே நேரத்தில் நிற்கும். அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

பின்சேர்க்கை 3: ஐப்பசி மழையில் டைக்குக்குள் தேங்கும் நீரை வெளியேற்ற வடிகால் வால்வைத் திறப்போம், மூட மறப்போம். திறந்த வால்வோடு டைக் இருந்தால் மண்ணுக்கும் பாதுகாப்பில்லை. எங்கள் ஷிப்ட் லாக்கில் இப்போது அந்த வால்வுக்கு ஒரு வரி இருக்கிறது, மழைக்காலத்தில் மூன்று ஷிப்டும் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்.